வெண்டிங் மெஷின் தொழிலும் பிளாஸ்டிக் குப்பையும்: வாசகர் கேள்வி – பதில்

தேநீர், காபி, குடிநீர், நொறுக்குத்தீனி ஆகியவற்றை வழங்கும் வெண்டிங் மெஷின்களை அலுவலகங்களிலும் கல்லூரிகளிலும் வைத்துத் தொழில் நடத்தும் வாசகர்கள் சிலர், அவற்றால் சேரும் பிளாஸ்டிக் குப்பை குறித்துக் கேள்விகள் அனுப்பியிருந்தார்கள். பலருக்கும் பயன்படக்கூடிய கேள்விகளைத் தேர்ந்தெடுத்து இந்த இதழில் பதில் அளித்திருக்கிறோம்.

கேள்வி: ஐயா, வணக்கம். கோவையில் சில தொழிற்சாலைகளிலும் மென்பொருள் நிறுவனங்களிலும் டீ, காபி மெஷின்கள் வைத்திருக்கிறேன். பிளாஸ்டிக் கப்பை எப்போதோ நிறுத்திவிட்டுப் பேப்பர் கப்புக்கு மாறிவிட்டோம். இருந்தும் ஒரு நிறுவனத்தின் நிர்வாக அதிகாரி, பேப்பர் கப்பும் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்ட பொருள்தான், வேறு வழி செய்யுங்கள், இல்லாவிட்டால் மெஷினை எடுத்துக்கொள்ளுங்கள் என்கிறார். எல்லாக் கடைகளிலும் விற்கும் பொருளுக்கு எப்படித் தடை இருக்க முடியும்?
— வாசகர், கோயம்புத்தூர்

பதில்: அந்த அதிகாரி சொல்வது சரி. 2018 ஜூன் 25 அன்று தமிழ்நாடு அரசு வெளியிட்ட அரசாணை எண் 84, ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியப்படும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருட்களை 2019 ஜனவரி 1 முதல் தடை செய்தது. பிளாஸ்டிக் பூச்சு கொண்ட காகிதக் கப்பும் காகிதத் தட்டும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. கப் உற்பத்தியாளர்கள் இதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை சென்றார்கள். 2023 அக்டோபரில் வந்த தீர்ப்பு, துணிபோலத் தோன்றும் நெய்யப்படாத (நான்-ஓவன்) பைகள் மீதான தடையை மறுபரிசீலனை செய்யுமாறு கூறியபோதும், காகிதக் கப் மீதான தடையைச் செல்லும் என்றே உறுதி செய்தது. கடையில் தாராளமாகக் கிடைக்கிறது என்பதை வைத்து அது அனுமதிக்கப்பட்ட பொருள் என்று முடிவு செய்துவிடாதீர்கள். சோதனை வரும் நாளில் அந்த வாதம் எடுபடாது.

பேப்பர் கப் என்ற பெயரைக் கேட்டு அது வெறும் காகிதம் என்று நினைப்பவர்கள் ஏராளம். ஒரு கப்பை இரவு முழுவதும் தண்ணீரில் ஊறவைத்து, காலையில் விரலால் தேய்த்துப் பாருங்கள். காகிதம் கூழாகி உதிர்ந்துவிடும். உட்புறத்தில் ஒட்டியிருந்த கண்ணாடி போன்ற மெல்லிய பாலித்தீன் தாள் மட்டும் கையில் மிஞ்சும். சூடான பானம் ஒழுகாமல் நிற்பது அந்தத் தாளால்தான். காகித ஆலைக்குப் போனால் அதில் பிளாஸ்டிக் இருக்கிறது என்பார்கள், பிளாஸ்டிக் மறுசுழற்சிக்காரரிடம் போனால் அதில் காகிதம் இருக்கிறது என்பார்கள். இரண்டு பக்கமும் வேண்டாம் என்று தள்ளிய பிறகு அது குப்பைக் கிடங்குக்குத்தான் போய்ச் சேருகிறது. உடல்நலக் கவலையும் இதில் உண்டு. இத்தகைய கப்பில் சூடான நீர் 15 நிமிடம் இருந்தாலே, 100 மில்லி நீரில் ஏறத்தாழ 25,000 நுண்பிளாஸ்டிக் துகள்கள் கலந்துவிடுவதாகக் கரக்பூர் ஐ.ஐ.டி. ஆய்வாளர்கள் 2020-இல் கண்டறிந்தார்கள்.

நல்ல செய்தி என்னவென்றால், உங்கள் தொழிலில் மாற்றுவழி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. நம் ஊரில் ஓடும் டீ, காபி மெஷின்களில் பெரும்பாலானவை, குழாய்க்குக் கீழே நாமே கப்பை வைத்துப் பொத்தானை அழுத்தும் வகையைச் சேர்ந்தவை. அங்கே வைப்பது எவர்சில்வர் டம்ளரா, கண்ணாடி டம்ளரா, பீங்கான் கோப்பையா என்பது மெஷினுக்கு ஒரு பொருட்டே அல்ல. கப்பைத் தானே இறக்கித் தரும் வெளிநாட்டு மாடல்களில் மட்டும், கப் இறங்குவதை நிறுத்திவைக்க முடியுமா என்று சர்வீஸ் பொறியாளரிடம் கேட்க வேண்டும். பல மாடல்களில் அந்த வசதி இருக்கிறது.

கணக்கையும் பார்த்துவிடுவோம். ஒரு மெஷினில் நாளொன்றுக்கு 200 கப் போகிறது, மாதம் 26 வேலைநாள், கப் ஒன்று 60 பைசா என்று வைத்துக்கொண்டால், கப்புக்கு மட்டும் மாதம் 3,120 ரூபாய் செலவாகிறது. டம்ளர் 40 ரூபாய் வீதம் 250 டம்ளர் வாங்கினால் 10,000 ரூபாய். நான்கு மாதங்களுக்குள் டம்ளரின் விலை திரும்பிவிடும். ஆனால் இந்தக் கணக்கைக் காட்டி வாடிக்கையாளரிடம் பெருமையாகப் பேசிவிட்டுப் பிறகு திணறுபவர்கள் உண்டு, ஏனென்றால் உண்மையான செலவு டம்ளரில் இல்லை, கழுவுவதில் இருக்கிறது. யார் கழுவுவது, எங்கே கழுவுவது, எப்போது எடுப்பது என்ற மூன்றுக்கும் ஒப்பந்தத்திலேயே விடை எழுதியாக வேண்டும். கேன்டீன் உள்ள தொழிற்சாலையில், கழுவும் பொறுப்பைக் கேன்டீனுக்குக் கொடுத்து அதற்கு உரிய தொகையை நீங்கள் தந்துவிடலாம். கேன்டீன் இல்லாத அலுவலகத்துக்கு இரண்டு செட் டம்ளர் வையுங்கள். ஒரு செட் புழக்கத்தில் இருக்கும்போது, இன்னொன்றைப் பிளாஸ்டிக் கிரேட்டில் அடுக்கி உங்கள் கிடங்குக்குக் கொண்டுவந்து, வெந்நீரில் கழுவி, கவிழ்த்து உலரவைத்துத் திருப்பி அனுப்பலாம். ஈரத்தோடு அடுக்கிய டம்ளரில் வாடை வந்தால், அடுத்த வாரமே ஊழியர்கள் மறுபடியும் பேப்பர் கப் கேட்பார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது.

இதோடு இன்னொன்றையும் கவனியுங்கள். 2022 ஜூலை 1 முதல் நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்த தடையில், சர்க்கரை கலக்கும் பிளாஸ்டிக் குச்சியும் அடங்கும். மரக்குச்சி வைத்துக்கொள்ளுங்கள். முடிந்தால் சர்க்கரை உள்ளது, இல்லாதது என்று மெஷினிலேயே இரண்டு பொத்தான்களைப் பிரித்துவிடுங்கள், குச்சிக்கே தேவை இருக்காது.

கேள்வி: சோளமாவில் செய்த, மக்கும் தன்மை கொண்ட கப் என்று ஒரு முகவர் மாதிரி கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். விலை அதிகம்தான். நம்பி வாங்கலாமா?
— வாசகி, ஓசூர்

பதில்: இத்தகைய கப்புகளில் பெரும்பாலும் பி.எல்.ஏ. என்னும் பொருள் இருக்கும். அது மக்கும் என்பது பொய் அல்ல. ஆனால் 60 டிகிரி செல்சியஸை ஒட்டிய வெப்பத்தில், ஈரப்பதமும் நுண்ணுயிரிகளும் சரியான அளவில் பராமரிக்கப்படும் தொழிற்கூட உரக்கிடங்கில்தான் அது மக்கும். அலுவலகத்தின் பின்புறக் குழியிலோ சாலையோரத்திலோ போட்டால், சாதாரணப் பிளாஸ்டிக்கைப் போலவே நெடுங்காலம் கிடக்கும். குடிநீரும் குளிர்பானமும் வரும் பெட் (PET) வகைப் பிளாஸ்டிக் பாட்டில்களோடு கலந்துவிட்டால், மறுசுழற்சிக்குப் போகும் அந்த மூட்டையின் தரத்தையும் கெடுக்கும். மக்கும் பிளாஸ்டிக்குக்கான ஐ.எஸ்.ஓ. 17088 தரச் சோதனையின் அடிப்படையில் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அளித்த சான்றிதழை முகவரிடம் கேளுங்கள். சான்றிதழ் அந்தக் கப்புக்கு உரியதா, அதே நிறுவனம் தயாரிக்கும் பைக்கு உரியதா என்பதையும் படித்துப் பாருங்கள். சான்றிதழ் சரியாக இருந்தாலும், பயன்படுத்திய கப்பைத் திரும்ப எடுத்து உரக்கூடத்தில் சேர்க்க ஏற்பாடு இல்லையென்றால், அந்தக் கூடுதல் விலைக்குப் பயனில்லை என்பதே என் கருத்து. அந்தப் பணத்தில் டம்ளர் வாங்கலாம்.

கேள்வி: திருச்சியில் ஒரு கல்லூரி விடுதியிலும் இரண்டு பயிற்சி மையங்களிலும் குளிர்பான, குடிநீர் மெஷின்களை நடத்தி வருகிறேன். பாட்டில்கள் விளையாட்டுத் திடலிலும் வகுப்பறை மேசைக்கு அடியிலும் கிடக்கின்றன என்று முதல்வர் வருத்தப்படுகிறார். குப்பைத் தொட்டி வைத்தும் பயனில்லை. அதில் மீந்த சாப்பாடும் டிஷ்யூ காகிதமும் நிறைந்துவிடுகின்றன. காயலான் கடைக்காரர் அந்த மூட்டையை எடுக்க மறுக்கிறார். என்ன செய்வது?
— வாசகி, திருச்சிராப்பள்ளி

பதில்: அம்மா, உங்கள் கடிதத்திலேயே பாதி விடை இருக்கிறது. நீங்கள் வைத்தது குப்பைத் தொட்டி, ஆகையால் குப்பை வந்திருக்கிறது. உங்களுக்குத் தேவை பாட்டில் பெட்டி.

தெருவுக்குத் தெரு வெண்டிங் மெஷின் நிற்கும் ஜப்பானில்கூட இதே தொல்லை இருந்தது. மெஷினுக்குப் பக்கத்தில் வைத்த மறுசுழற்சிப் பெட்டிகளில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு வேறு குப்பைகள் விழுந்துகொண்டிருந்தன. அங்குள்ள குளிர்பான நிறுவனங்களின் சங்கம் 2022-இல் பெட்டியின் வடிவத்தையே மாற்றியது. நிறம் பளிச்சென்ற ஆரஞ்சு ஆயிற்று. மேல்நோக்கித் திறந்திருந்த வாயைக் கீழ்நோக்கித் திருப்பினார்கள், பாட்டிலைக் கீழிருந்து மேலாகச் செருகித்தான் உள்ளே தள்ள முடியும். போகிற போக்கில் ஒரு காகிதத்தையோ பாதி குடித்த கோப்பையையோ வீசிவிட முடியாது. நீங்களும் உள்ளூர் வெல்டிங் பட்டறையில் சொல்லி, பாட்டிலின் சுற்றளவுக்குச் சற்றே பெரிய வட்ட ஓட்டையும், உள்ளே இருப்பது வெளியே தெரியும்படி கம்பி வலைப் பக்கங்களும் வைத்த பெட்டி ஒன்றைச் செய்துகொள்ளலாம். உள்ளே பாட்டில்களே தெரியும்போது பிள்ளைகள் வேறு எதையும் போடத் தயங்குவார்கள். பக்கத்திலேயே மீந்த பானத்தை ஊற்ற ஒரு வாளியும், மற்றக் குப்பைக்குத் தனித் தொட்டியும் அவசியம் இருக்க வேண்டும். அந்த இரண்டும் இல்லாமல் பாட்டில் பெட்டியை மட்டும் வைத்தால், எல்லாமே மறுபடியும் அதற்குள்தான் வந்து விழும்.

அடுத்தது, பாட்டிலுக்கு ஒரு மதிப்பு ஏற்படுத்துவது. ஜெர்மனியில் 2003 முதல், ஒருமுறை பயன்படும் பான பாட்டிலுக்கு 25 சென்ட் முன்பணம் வாங்கி, பாட்டில் திரும்பி வரும்போது கொடுக்கிறார்கள். அங்கே பாட்டில் தெருவில் கிடப்பது அரிது. நம் மாநிலத்திலும் இதற்கு உதாரணம் உண்டு. சென்னை உயர் நீதிமன்றத்தின் வழிகாட்டுதலின்படி, நீலகிரியில் 2022 முதல் டாஸ்மாக் பாட்டில் ஒன்றுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைக் கொடுத்தால் திருப்பித் தரும் முறை வந்தது. பெரும்பாலான பாட்டில்கள் கடைக்குத் திரும்பி வந்ததால்தான் அது பிற மாவட்டங்களுக்கும் விரிந்தது. காட்டில் யானையின் காலில் குத்திய கண்ணாடித் துண்டுகளுக்கு, பத்து ரூபாய் ஒரு வழி கண்டது.

ஆனால் உங்கள் மெஷினில் இதை அப்படியே செய்வதில் ஒரு சிக்கல் இருக்கிறது. 20 ரூபாய் அச்சிட்ட பாட்டிலுக்கு மெஷின் 25 ரூபாய் எடுத்துக்கொண்டால், அதிகபட்ச சில்லறை விலைக்கு மேல் விற்றதாகப் புகார் வரக்கூடும். ஆகவே கூடுதலாக எதையும் வாங்காதீர்கள். காலி பாட்டிலைக் கொண்டுவருபவருக்கு அடுத்த வாங்குதலில் சலுகை கொடுங்கள். க்யூ.ஆர். குறியீட்டில் பணம் செலுத்தும் மெஷின் என்றால் விடுதி மாணவர்களுக்குக் கணக்கு வைத்துக்கொள்வது எளிது. இல்லாவிட்டால், பத்துப் பாட்டிலுக்கு ஒரு டோக்கன் என்ற பழைய முறையே போதும். முன்பணம்தான் வேண்டும் என்று கல்லூரி நிர்வாகம் வற்புறுத்தினால், எடையளவுச் சட்டத்தைக் கவனிக்கும் தொழிலாளர் துறை அலுவலகத்தில் எழுத்துப்பூர்வமாகக் கேட்டுத் தெளிந்த பிறகு தொடங்குங்கள்.

காயலான் கடைக்காரர் மறுத்தது பாட்டிலை அல்ல, அழுக்கை. அரை லிட்டர் தண்ணீர் பாட்டில்கள் ஏறக்குறைய 60 முதல் 80 வரை சேர்ந்தால்தான் ஒரு கிலோ ஆகும். அதில் பானம் தேங்கி, எறும்பு மொய்த்து, சோற்றுப் பருக்கை ஒட்டியிருந்தால் அவருக்குக் கழுவுகூலிகூடக் கட்டுப்படியாகாது. பானத்தைக் கொட்டி, காலால் மிதித்துச் சப்பையாக்கி, நிறமற்ற பாட்டிலையும் பச்சைப் பாட்டிலையும் தனித்தனிச் சாக்கில் கட்டிக் கொடுத்துப் பாருங்கள். நிறமற்ற பெட் பாட்டிலுக்கு எப்போதும் கிராக்கி உண்டு. மூடி வேறு வகைப் பிளாஸ்டிக். ஆயினும் மூடியோடே கொடுக்கலாம். ஆலையில் அரைத்துத் தண்ணீரில் போடும்போது மூடித்துண்டு மிதக்கும், பெட் மூழ்கும், அங்கேயே பிரித்துக்கொள்வார்கள். வரும் பணத்தை விடுதியின் தூய்மைப் பணியாளர்களுக்கே கொடுத்துவிடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். சாக்கைக் கட்டுவதும் திடலில் குனிந்து பொறுக்குவதும் அவர்கள்தானே.

இவை எல்லாவற்றிலும் மேலாக உங்களிடம் இருக்கும் ஒரு வசதியைப் பெட்டிக்கடைக்காரரிடமோ பேருந்து நிலைய வியாபாரியிடமோ பார்க்க முடியாது. அவர்கள் விற்ற பாட்டில் எந்த ஊருக்குப் போயிற்று என்று அவர்களுக்குத் தெரியாது. உங்கள் மெஷினில் விற்ற பாட்டில், பெரும்பாலும் அதே வளாகத்துக்குள்தான் காலியாகிறது. சரக்கு நிரப்ப உங்கள் வண்டி அந்த வாசலுக்கே மறுபடியும் வருகிறது, திரும்பும்போது காலியாகவும் போகிறது. அந்தக் காலி வண்டியில் சாக்கு மூட்டைகளை ஏற்றிவிட ஆளுக்குச் சொல்லிவைத்தால், தனி வாகனமும் தனிக் கூலியும் தேவைப்படாது.

கேள்வி: பாட்டில் சரி, சிப்ஸ், பிஸ்கட் உறைகளை யாருமே வாங்குவதில்லையே? எங்கள் மெஷினில் அதிகம் போவதே அவைதான்.
— வாசகர், சென்னை

பதில்: உண்மைதான். மொறுமொறுப்புக் கெடாமல் இருப்பதற்காக, பல வகைப் பிளாஸ்டிக் தாள்களையும் அலுமினியப் பூச்சையும் ஒன்றோடொன்று ஒட்டி அந்த உறையைச் செய்கிறார்கள். அவற்றைப் பிரித்தெடுப்பது கட்டுப்படியாகாது, ஆகவே பழைய சாமான் சந்தையில் அதற்கு விலை இல்லை. போக்கிடம் அறவே இல்லை என்றும் சொல்ல முடியாது. மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் ஆர். வாசுதேவன், இத்தகைய கழிவை நறுக்கிச் சூடான ஜல்லியின் மேல் படியச் செய்து தார்ச்சாலை போடும் முறையைக் கண்டறிந்து காப்புரிமையும் பெற்றார். 2018-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. சிமென்ட் ஆலைகளின் உலைகளில் நிலக்கரியோடு எரிபொருளாகவும் இது போகிறது. இரண்டுக்குமே உறை உலர்ந்ததாக, தனியாகச் சேர்த்ததாக, ஓரளவு மொத்தமாக இருக்க வேண்டும். ஒரே மெஷினின் உறைகளை வைத்துக்கொண்டு யாரையும் அணுக முடியாது. உங்கள் பகுதியில் மெஷின் நடத்துபவர்கள் நான்கைந்து பேர் சேர்ந்து, மாநகராட்சியின் உலர்கழிவு மையத்தில் ஒப்படைக்க ஏற்பாடு செய்துகொள்வது நல்லது.

எரிப்பதையும் சாலையில் போடுவதையும் தீர்வு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை, குப்பைமேட்டைவிட மேல் என்றுதான் சொல்லலாம். எனவே மெஷினுக்குள் போகும் சரக்கிலேயே கை வையுங்கள். ஐந்து ரூபாய், பத்து ரூபாய்ச் சிறு பொட்டலங்களைக் குறைத்துப் பெரிய பொட்டலங்களை வைத்தால், அதே எடைத் தீனிக்கு உறை குறையும். கடலைமிட்டாய், எள்ளுருண்டை, வறுத்த கடலை ஆகியவற்றை உள்ளூர்த் தயாரிப்பாளரிடம் எடுத்து, உணவுப் பாதுகாப்பு உரிம எண்ணும் தேதியும் அச்சிட்ட, மூடி இறுக்கமான சிறு டப்பாக்களில் வைத்து, டப்பாவைத் திரும்பப் பெறலாம். சுருள்கம்பியில் தள்ளும் மெஷினில் டப்பாவின் விட்டம் கம்பியின் இடைவெளிக்குப் பொருந்துகிறதா, விழும்போது மூடி திறக்கிறதா என்று முதலில் ஓரிரு டப்பாக்களை வைத்துச் சோதித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: உற்பத்தியாளர் பொறுப்பு விதியின் கீழ் மெஷின் நடத்தும் நானும் பதிவு செய்ய வேண்டும் என்று ஓர் ஆலோசகர் பயமுறுத்துகிறார். அவர் கேட்கும் கட்டணமும் பெரிதாக இருக்கிறது.
— வாசகர், ஈரோடு

பதில்: நீங்கள் எந்த இடத்தில் நிற்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. 2016-ஆம் ஆண்டின் பிளாஸ்டிக் கழிவு மேலாண்மை விதிகளும், 2022 பிப்ரவரியில் அவற்றோடு சேர்க்கப்பட்ட வழிகாட்டுதல்களும் முதன்மையாகக் கட்டுப்படுத்துவது பிளாஸ்டிக் உறை தயாரிப்பவர், இறக்குமதி செய்பவர், உறையில் தம் பெயரைப் போட்டு விற்கும் நிறுவனம் ஆகியோரைத்தான். தாம் சந்தையில் விட்ட உறையில் குறிப்பிட்ட அளவைத் திரும்பச் சேகரித்து மறுசுழற்சிக்கு அனுப்புவது அவர்களின் பொறுப்பு. பிறர் தயாரித்த பாட்டிலையும் பிறர் பெயரில் வரும் பிரிமிக்ஸ் (டீ, காபிக்கான கலவைப் பொடி) பாக்கெட்டையும் வாங்கி விற்பவராக மட்டும் நீங்கள் இருந்தால், அந்த உறைக்கான இலக்கு அந்தந்த நிறுவனத்துக்கு உரியது. ஆனால் பிரிமிக்ஸை மொத்தமாக வாங்கி உங்கள் சொந்தப் பெயர் அச்சிட்ட பாக்கெட்டில் போடுகிறீர்கள் என்றாலோ, வெளிநாட்டிலிருந்து உறையோடு சரக்கு இறக்குகிறீர்கள் என்றாலோ, நிலைமை மாறிவிடும். அப்போது மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இணையதளத்தில் பதிவு செய்வது குறித்து, மாவட்ட மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அலுவலகத்தில் நேரில் கேளுங்கள். ஆலோசகருக்குப் பணம் கொடுப்பது அதற்குப் பிறகு ஆகட்டும்.

பதிவு தேவையில்லை என்பதால் கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டாம். பாட்டில் போன்ற கெட்டியான பிளாஸ்டிக் உறைகளில் 2025–26 முதல் 30 சதவீதமும், படிப்படியாக உயர்ந்து 2028–29-இல் 60 சதவீதமும் மறுசுழற்சிப் பிளாஸ்டிக் இருக்க வேண்டும் என்று விதி சொல்கிறது. ஆகவே சுத்தமான காலி பாட்டில் பெரிய பான நிறுவனங்களுக்கு இப்போது தேவைப்படும் பொருள். உங்கள் விநியோகஸ்தரிடம் இதைச் சொல்லி, காலி பாட்டிலையும் காலிப் பிரிமிக்ஸ் பாக்கெட்டையும் திரும்ப எடுத்துக்கொள்ளும்படி கேளுங்கள். தனியாளாகக் கேட்டால் நடக்காதது, நான்கைந்து பேர் சேர்ந்து கேட்டால் நடக்கலாம்.

கேள்வி: குன்னூரில் தங்கும் விடுதி நடத்துகிறோம். பாட்டில் தண்ணீர் விற்க முடியாது என்பதால், காசு போட்டால் தண்ணீர் நிரப்பித் தரும் மெஷின் வைக்க நினைக்கிறோம். கவனிக்க வேண்டியவை என்ன?
— வாசகர், நீலகிரி

பதில்: நல்ல முடிவு. நீலகிரியிலும் கொடைக்கானலிலும் சிறிய குடிநீர் பாட்டில்களுக்குத் தடை இருப்பதால், இத்தகைய மெஷின்களுக்கு அங்கே உண்மையான தேவை இருக்கிறது. ஆனால் பராமரிப்பு இல்லாமல் நின்றுபோன ஒரு தண்ணீர் மெஷின், பாட்டில் தண்ணீருக்கு ஆதரவாகச் செய்யப்படும் விளம்பரம்போல ஆகிவிடும். பயணி ஒருமுறை ஏமாந்தால், அடுத்த முறை சமவெளியிலேயே பாட்டில் பெட்டியை வாங்கிக் காரில் ஏற்றிக்கொண்டுதான் மலை ஏறுவார். வடிகட்டியை மாற்றிய தேதியையும், குடிநீருக்கான ஐ.எஸ். 10500 தரத்தின்படி நீரைப் பரிசோதித்த அறிக்கையையும் மெஷினின் மேலேயே ஒட்டிவையுங்கள். நாணயம் மட்டும் என்று வைக்காமல் க்யூ.ஆர். வசதியும் சேருங்கள். பாட்டில் கொண்டுவராத விருந்தினருக்காக, முன்பணம் வாங்கிக்கொண்டு எவர்சில்வர் பாட்டில் கொடுத்து, அறையைக் காலி செய்யும்போது திரும்பப் பெறலாம். நீரில் உப்பு குறைவாக இருந்தால், உப்பை நீக்கும் ஆர்.ஓ. சுத்திகரிப்புக் கருவி தேவைப்படாமல் போகலாம், பரிசோதித்துப் பார்த்து முடிவு செய்யுங்கள். தேவையில்லாத ஆர்.ஓ. வைத்தால் ஒரு பங்கு தண்ணீர் கழிவாகப் போகும், மலையில் கோடைக்காலத்தில் அது பெரிய இழப்பு. குழாயின் உயரத்தை மட்டும் மெஷின் வாங்குவதற்கு முன்பே அளந்து பாருங்கள். ஒரு லிட்டர் எவர்சில்வர் பாட்டில் நேராக நிற்க இடம் இல்லாத மெஷின்களும் விற்பனைக்கு வருகின்றன.